80ஜி மறுப்பு: டிரஸ்ட் பத்திரத்தைப் பாருங்கள்

தாராவியில் உங்கள் அப்பா பெயரில் நடக்கும் டிரஸ்டுக்கு 80ஜி (நன்கொடை தருபவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் அங்கீகாரம்) ஏன் மறுக்கப்பட்டது, கணக்கில் தவறா என்று கேட்டிருந்தீர்கள். கணக்கால் இருக்காது. கேள்வியோடு நீங்கள் போட்டிருந்த பத்திரத்தில் "நம் சமூகத்து மாணவர்களின் படிப்புச் செலவுக்கு" என்று ஒரு வாசகம் இருக்கிறதே, அதுதான் இடிக்கிறது. குறிப்பிட்ட மதத்துக்கோ சாதிக்கோ என்று எழுதிவைத்த அறக்கட்டளைக்குச் சட்டத்தில் 80ஜி கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்றால் இந்தத் தடை பொருந்தாது. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது இந்த வாசகமும் கூடவே வந்துவிடும், நம்மவர்கள் டிரஸ்டுகளில் சகஜம்.

மறுப்பு ஆணையின் கடைசிப் பத்திகளில் காரணம் இருக்கும், அதைப் பத்திரத்தின் நோக்கங்கள் பகுதியோடு ஒப்பிடுங்கள். அப்படியே டிரஸ்ட் யார் யாருக்கு ஃபீஸ் கட்டியது என்ற பட்டியலையும் பாருங்கள். அதில் உங்கள் அக்கா பிள்ளைகள் பெயர் இருந்தால், டிரஸ்ட் பணம் சொந்தக்காரர்களுக்கே போனதாகிவிடும், அது தனித் தலைவலி.

இன்னொன்று, பத்திரத்தை நீங்களாக அடித்துத் திருத்த முடியாது. மும்பை வொர்லியில் இருக்கும், அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனர் ஆபீஸ் வழியாகத்தான் போகவேண்டும். அதுவரை யாருக்கும் 80ஜி ரசீது தருவதாகச் சொல்லாதீர்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கும் புதிய வரிமுறையில் இருப்பவருக்கும் எப்படியும் வரிக் கழிவு கிடையாது.