காசுக் குத்தியில ஓடுற கோடு: அடிக்கேக்க வந்ததா, றோட்டில வந்ததா?

கேள்வி: காசு சேர்க்கத் தொடங்கி கொஞ்ச நாள்தான் ஆகுது. 2006ஆம் ஆண்டு 5 ரூபா குத்தி ஒண்டு சில்லறையோட வந்தது, விளிம்பில இருந்து நடு வரைக்கும் ஒரு கோடு ஓடுது. எரர் காசா (அடிக்கேக்கயே பிழை விழுந்த காசா), வெறும் கீறலா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? (உப்புவெளி வாசகர்)

பதில்: தம்பி, முதல்ல நகத்தால தடவிப் பாருங்கோ, கோடு மேடா நிக்குதா, பள்ளமாக் கிடக்குதா. காசு அடிக்கிற அச்சு உருக்கில செஞ்சது, அடிச்சடிச்சு அதில வெடிப்பு விழும், அடுத்த அடியில காசோட உலோகம் அந்த வெடிப்புக்குள்ள போய் நிரம்பும், அதால அச்சு வெடிச்ச கோடு காசில எப்பவும் மேடாத்தான் வரும். கீறல் பள்ளமாக் கிடக்கும், ஒதுங்கின உலோகம் அதின்ர கரையில சின்ன வரம்பு மாதிரி நிக்கும். பத்து மடங்கு லென்ஸும் பக்கத்தால சரிச்சுப் பிடிச்ச ரோர்ச் வெளிச்சமும் இருந்தால் போதும்.

ஆனா திருகோணமலையில இருக்கிற எங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. 2005இல இருந்து 2016 வரைக்கும் வந்த 1 ரூபா, 5 ரூபா குத்தியெல்லாம் உள்ளுக்க உருக்கு, மேல பித்தளை முலாம். கடல் காத்து பட்டு, மீன் வாடியில ஈரக் கையால மாறி மாறி வந்த காசில முலாத்துக்குக் கீழ துரு பிடிச்சுக் கிளம்பும், அதுவும் மேடாத்தான் தெரியும்! ஓரத்தில கபிலமாக் கசிஞ்சிருந்தால், வடிவில்லாமப் பொங்கியிருந்தால் அது துரு. அச்சு வெடிப்பு மெல்லிசா, கூரா ஓடும், முலாம் அதுக்கு மேலயும் மினுங்கிக் கொண்டு இருக்கும். நான் பெரிசா நம்புற சாட்சி இன்னொண்டு: அதே ஆண்டு வேற குத்தி ஒண்டில அதே இடத்தில அதே கோடு கிடைச்சால் ரெண்டும் ஒரே அச்சில அடிச்சதுதான், அதுக்குப் பிறகு சந்தேகமே வேண்டாம். அதால கடைக்காரரிட்டச் சொல்லி சில்லறைப் பெட்டியைக் கிளறிப் பாருங்கோ.

கேள்வி: 2 ரூபா குத்தியில ஓரத்தில பிறைச் சந்திரன் மாதிரி ஒரு துண்டு இல்லை. ஆரும் வெட்டியிருப்பினமா? (கிண்ணியா வாசகி)

பதில்: தங்கச்சி, அந்தத் துண்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கோ. தகட்டில வட்டம் வெட்டேக்க பக்கத்து ஓட்டையோட மோதினால் இப்பிடிப் பிறை விழும், பிறகு விளிம்பு மடிக்கிற மெஷினுக்குள்ள போகேக்க அந்த இடத்தில அழுத்தம் கிடைக்காததால எதிர்ப்பக்க விளிம்பும் மழுங்கிப்போகும். எதிர்ப்பக்கம் நல்லாக் கூரா இருந்தால் பெரும்பாலும் ஆரோ அரத்தால ராவினதுதான். இதுக்குக் காசு குடுத்து வாங்க முதல் கட்டாயம் பாருங்கோ, ஏமாத்துறவை இந்த எதிர்ப்பக்கத்தைக் கவனிக்கிறதில்லை.

கேள்வி: எழுத்து ரெண்டு தரம் விழுந்த மாதிரி இருக்கு, புளி போட்டுத் தேய்ச்சால் வடிவாத் தெரியுமா? (பாலையூற்று வாசகர்)

பதில்: ஐயோ, வேண்டாம்! புளி, எலுமிச்சை, பித்தளை மினுக்கிற பிரசோ ஒண்டும் வேண்டாம், மேல்தோல் போனால் பிறகு திருப்பி எடுக்கேலாது. இரட்டை எழுத்து தட்டையா, படிக்கட்டு மாதிரி இருந்தால் அடிக்கேக்க அச்சு ஆடினது, அதுக்குப் பெரிய பெறுமதி இல்லை. உருண்டு திரண்டு ரெண்டாப் பிரிஞ்சு, எழுத்து அகலமாத் தெரிஞ்சால்தான் அச்சிலயே இரட்டிப்பு. அப்பிடி எண்டால் ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கி, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பை ஒண்டோட காத்துப் போகாத டப்பாவில வையுங்கோ.