பள்ளித் தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் பள்ளியில் தண்டங்கீரை விதை மூன்று முறை போட்டோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. விதைக் கோளாறா?
– ஆசிரியை, காரைக்குடி வட்டாரம்

விதை மேல் பழி போடுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் நனைந்து காய்ந்தால் மேலே அப்பளம் போல ஏடு கட்டிவிடும். கீரை விதை கடுகைவிடச் சிறிது. அந்த முளைக்கு ஏட்டை முட்டித் திறக்கப் பலம் கிடையாது. உள்ளேயே சுருண்டு செத்துவிடும். ஒரு வாரம் கழித்து விரலால் ஏட்டைப் பெயர்த்துப் பாருங்கள், வெள்ளை நூலாக மடங்கிக் கிடக்கும்.

10 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி போதும். அகலம் கூடினால் சின்னப் பிள்ளைகளின் கை நடுவுக்கு எட்டாது, பாத்திக்குள் கால் வைப்பார்கள், மண் மறுபடி இறுகும். முக்கால் அடி ஆழம் கொத்திக் கல்லைப் பொறுக்குங்கள். ஒரு சாணுக்குள் செம்பராங்கல் தட்டினால் தோண்டாதீர்கள். ஓரத்தில் செங்கல் அடுக்கி மேலே உயர்த்துங்கள். அனுமதி பெற்று எடுத்த ஊரணி வண்டல் 10 சட்டி, நன்றாக மக்கிய சாணி எரு 4 சட்டி, வேப்பம்புண்ணாக்கு அரைக் கிலோ கலக்க வேண்டும். வண்டலை முதலில் வெயிலில் பரப்பிக் கோரைக் கிழங்கைப் பொறுக்கிவிடுங்கள்; விட்டால் வருஷம் முழுக்கக் களைதான். அரைகுறையாக மக்கிய சாணி கறையானையும் வேர்ப்புழுவையும் கூப்பிடும். மக்காத தென்னைநார்க் கழிவு தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்; செடி வெளுத்துப்போகும்.

இந்தப் பாத்திக்கு இரண்டு மூன்று சிட்டிகை விதை போதும். இரண்டு கைப்பிடி மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாகத் தட்டி, மேலே வைக்கோலை மெல்லிசாகப் பரப்புங்கள். பூவாளியால் மட்டும் தண்ணீர். வாளியோடு ஊற்றினால் விதை முழுக்க ஒரு ஓரமாக ஒதுங்கும். முளை தெரிந்த அன்றே, மாலையில், வைக்கோலை எடுத்துவிட வேண்டும். எறும்பு விதையை இழுத்தால் பாத்தியைச் சுற்றி நொய்யரிசி தூவுங்கள். அது அங்கேயே நின்றுவிடும்.

விளையும் கீரை சத்துணவுக்குக் கட்டுப்படியாகுமா? தட்டுக் கழுவும் தண்ணீரை விடலாமா?
– சத்துணவு அமைப்பாளர், தேவகோட்டை

நன்றாக வந்தால் மேலே சொன்ன பாத்தியில் மூன்று கிலோ வரை கிடைக்கும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய்கறி என்பது மதிய உணவுத் திட்டக் கணக்கு. அப்படியானால் 60 பேருக்கு ஒரு நாள். கடைக் கீரையை நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நான்கு பாத்தி எடுத்து வாரத்துக்கு ஒன்றாக விதைத்தால், 25 நாளில் முதல் பாத்தி பறிப்புக்கு வந்துவிடும். பிறகு வாரம் ஒரு நாள் பள்ளிக் கீரை. விளைவதைப் பிள்ளைகளின் தட்டில்தான் போட வேண்டும். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட வழிகாட்டுதலின் நோக்கமும் அதுதான்.

பாத்திக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டும். தட்டுக் கழுவிய நீரைக் கீரைக்கு விடாதீர்கள். அதில் எண்ணெயும் சோப்பும் பருக்கையும் இருக்கும். வாய்க்கால் முகப்பில் ஜல்லி போட்ட சிறு குழி வெட்டி, கல்வாழை வரிசை வழியாக வாழைக்கு விடுங்கள். குழியில் தேங்கும் பருக்கையை வாரம் இருமுறை அள்ளாவிட்டால் நாறும். அப்புறம் தோட்டத்தையே மூடச் சொல்வார்கள்.

மே மாதம் எல்லாம் கருகிவிடுகிறது. மிச்சத்தை ஆடு மேய்கிறது. சுற்றுச்சுவர் கிடையாது.
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், புதுவயல்

கோடையில் காய்கறியைக் காப்பாற்றப் போராடாதீர்கள், தோற்றுப்போவீர்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் மண் வேலை, ஆடியில் விதைப்பு, ஐப்பசி மழைக்கு முன் பாத்தியை அரையடி உயர்த்துவது, பங்குனியோடு நிறுத்தம். காலிப் பாத்தியைச் சருகால் மூடிவிடுங்கள். கறிவேப்பிலை, முருங்கை போன்றவற்றைப் புரட்டாசி, ஐப்பசி மழையிலேயே வையுங்கள். சித்திரைக்குள் வேர் இறங்கிவிடும். நட்டு ஒரு வருஷமாகாத கன்றுக்குப் பக்கத்தில் 5 லிட்டர் மண்பானையை, அடியில் சிறு ஓட்டை போட்டுத் துணித்திரி செருகி, கழுத்துவரை புதையுங்கள். வாரம் இரண்டு முறை நிரப்பினால் போதும். மூடி கட்டாயம், கொசு முட்டையிடும். நிரப்புவது யார் என்பதைக் குழுக் கூட்டத்திலேயே பெயர் போட்டு எழுதுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆட்டுக்குச் சீமைக்கருவேல் முள் வேண்டாம், பிள்ளைகள் காலில் ஏறும். கிளுவைப் போத்தை (நடுவதற்கு வெட்டிய கிளையை) ஒரு அடி இடைவெளியில் நட்டு, நடுவில் ஆடாதொடையும் நொச்சியும் வையுங்கள். ஆடு தொடாததால்தான் அதற்கு அந்தப் பெயர் என்பார்கள். வேலி அடைய ஒரு வருஷமாகும். அதுவரை பழைய மீன்வலை கட்டுங்கள்.

பிள்ளைகளின் ஆர்வம் பத்து நாளில் வற்றிவிடுகிறதே?
– தலைமையாசிரியர், பள்ளத்தூர் பக்கம்

முதலில் மரக்கன்று கொடுத்திருப்பீர்கள். பலன் கண்ணில் படவே பல மாதமாகும். சில நாளிலேயே முளைத்துத் தலை நீட்டும் தட்டைப்பயறில் ஆரம்பியுங்கள். ஒரு பாத்திக்கு ஆறு பேர். அவர்களே அளந்து, எழுதி, எடை போடட்டும். தாமதமாக வந்தவனைத் தண்டனையாகத் தண்ணீர் ஊற்றச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள், தோட்டம் அவனுக்குக் கசந்துவிடும். சாணி அள்ளுவது, கூட்டுவது எல்லாம் முறை வைத்து எல்லோருக்கும் வர வேண்டும். இன்ன பிள்ளைக்கு இன்ன வேலை என்று ஒருபோதும் ஒதுக்காதீர்கள். பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்றும் பிரிக்காதீர்கள். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முன்கூட்டி எழுதி அனுமதி வாங்கி ஒரு நாள் கூட்டிப்போகலாம்.

எங்கள் வகுப்பு ஜன்னலோரம் முருங்கை வைக்கலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், கோட்டையூர்

ஜன்னலோரம் வேண்டாம், தம்பி. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் முடி பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். வகுப்பிலிருந்து 20 அடியாவது தள்ளி, ஒன்றரை அடிக் குழியில் பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கை ரகத்தை வையுங்கள். செடி இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும், காய் கைக்கெட்டும். பூச்சிக் கூட்டத்தைப் பார்த்தால் நீ தொடாதே, பெரியவர்களிடம் சொல்.