ஐந்தாம் வகுப்புக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளை வைத்து வடிவியல் நடத்துவது எப்படி? எங்களிடம் ஒரு லேப்டாப்பும் ஒரு புரொஜெக்டரும்தான் இருக்கின்றன.

தாராளமாகப் போதும். ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தால் முக்கோணத்துக்குக் கலர் மாற்றுவதிலேயே பாதிப் பீரியட் போய்விடும்.

பாடத்துக்கு முன் புரொஜெக்டரைச் சரிபாருங்கள். லேப்டாப் திரையும் புரொஜெக்டரும் வேறு வேறு விகிதத்தில் இருந்தால் படம் இழுபட்டு, சுவரில் சதுரம் செவ்வகமாகவும் வட்டம் முட்டையாகவும் விழலாம். ஒரு சதுரத்தைப் போட்டு, சுவரில் அகலத்தையும் உயரத்தையும் நூலால் அளந்துவிடுங்கள். ஜியோஜீப்ராவிலும் அச்சுகளின் விகிதம் 1:1 என்று இருக்கட்டும். அச்சுகளை மறைத்துவிட்டு, கட்டங்களை மட்டும் விடுங்கள். நெட் நம்ப முடியாத பள்ளியென்றால் ஆஃப்லைன் பதிப்பை முன்கூட்டியே நிறுவிக்கொள்ளுங்கள்.

இந்த மென்பொருளின் உயிர் இழுத்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. பலகோணக் கருவியில் கட்டப் புள்ளிகள் நான்கைத் தொட்டு, கடைசியில் முதல் புள்ளியை மறுபடி தொட்டால் ஒரு சதுரம் கிடைக்கும். பக்கத்திலேயே ஒழுங்கு பலகோணக் கருவியை எடுத்து, இரண்டு புள்ளிகள் வைத்து 4 என்று கொடுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். "மூலையை இழுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுத வைத்த பிறகே இழுங்கள். இந்த வரிசை மாறினால் அது வெறும் வேடிக்கை. முதல் படத்தில் மூலையை இழுத்ததும் சதுரம் கோணிப்போகும். இரண்டாவதில் நீங்கள் வைத்த இரண்டு புள்ளிகளில் ஒன்றை இழுத்தால் அது சுழலும், பெரிதாகும், சுருங்கும், சதுரமாகவே இருக்கும். சாய்ந்து நிற்கும்போது "டைமண்ட்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அங்கேயே நிறுத்தி, பக்கங்களையும் கோணங்களையும் அளந்து காட்டுங்கள். புத்தகத்தில் எப்போதும் நேராக நிற்கும் சதுரத்தையே பார்த்துப் பழகியதால் வரும் குழப்பம் அது.

கோணக் கருவி பலரையும் கடுப்பேற்றும். 90° வர வேண்டிய இடத்தில் 270° வரும். அது இடஞ்சுழியாக அளப்பதால், புள்ளிகளைத் தொடும் வரிசை மாறினால் வெளிப்பக்கமாகச் சுற்றி அளந்துவிடும். வரிசையை மாற்றித் தொடுங்கள். இல்லையென்றால் அமைப்பில் 0° முதல் 180° வரை என்று வையுங்கள்.

முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 181 வருகிறதா? முழு எண்ணாகக் காட்டும் வேலை அது: 50.6, 64.7, 64.7 ஆகியவை திரையில் 51, 65, 65 என்று நிற்கும். கூட்டல் தெரிந்த பிள்ளை விடாது. தசம இடங்களை அதிகமாக்கினாலும் கடைசி இலக்கத்தில் இதே தொல்லை எட்டிப் பார்க்கலாம். அதற்குப் பதில், காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளைக் கிழித்து ஒரு கோட்டில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

சுற்றளவு, பரப்பளவுக்கு ஜியோஜீப்ராவை விட ஜியோபோர்டு (ஆணிகளில் ரப்பர் பேண்டை மாட்டி வடிவம் செய்யும் பலகை) எளிது. அதற்கும் இலவச இணையச் செயலி உண்டு. சுற்றளவு 12 வரும்படி ரப்பர் பேண்டை மாட்டச் சொன்னால் 5×1, 4×2, 3×3 என்று வரும். பரப்பு 5, 8, 9. ஒரு வரிசைக்கு 5 ஆணிதான் இருந்தால் அதன் நீளம் 4, ஆகவே 5×1 அதில் அடங்காது. பெரிய பலகையைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளிக்குப் பதில் ஆணிகளை எண்ணுவதுதான் பிள்ளைகள் செய்யும் முதல் தப்பு. அடுத்தது, குறுக்காகப் போகும் ரப்பரையும் 1 என்று எண்ணுவது. அதற்கு, கட்டத்தாளில் ஒரு காகிதத் துண்டின் ஓரத்தை மூலைவிட்டத்தோடு பொருத்திக் குறித்து, அதைப் பக்கத்தின் மேல் வைத்துக் காட்டுங்கள்.