டென்ஷன் வந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். பி.காம் முடித்துவிட்டு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மொத்த மருந்துக் கடையில் பில் போடுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் போனபோது ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, அவசரம் என்று கேட்டவர்களுக்குக் கையால் பில் எழுதிக் கொடுத்தது நான்தான். போன மாதம் ஒரு கம்பெனி இன்டர்வியூவில், “வேலையில் பிரஷர் வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள்?” என்றார்கள். “எனக்கு டென்ஷனே வராது சார்” என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் கங்கைகொண்டான் சிப்காட்டில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்னொரு இன்டர்வியூ. என்ன சொல்லட்டும்?

பதில்: ஏ தங்கச்சி, இன்சுலின் கதையைக் கையில் வைத்துக்கொண்டா டென்ஷனே வராது என்று சொல்லிவிட்டு வந்தாய்? டென்ஷன் வராத ஆள் கிடையாது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், அதனால் அந்தப் பதிலை ஒன்று பொய் என்று எடுத்துக்கொள்வார், இல்லை இந்தப் பிள்ளை இன்னும் பொறுப்பான வேலை எதையும் பார்க்கவில்லை என்று நினைப்பார். யோகா, வாக்கிங், பாட்டு கேட்பேன் என்பதெல்லாம் நல்ல பழக்கம்தான், ஆனால் அதெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு. தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது முதலில் எதில் கை வைப்பாய் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

வெள்ளத்தையே சொல். வரிசையாக: கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, போனும் சரியாகக் கிடைக்கவில்லை, கெட்டுப்போகிற மருந்து எது என்று முதலில் பார்த்தேன், இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தாலும் வீண், அதனால் ஐஸ் நேராகப் படாமல் வைத்தேன், அப்புறம்தான் பில் பக்கம் வந்தேன். கடைசியில் எவ்வளவு மருந்து தப்பியது, கையால் எழுதிய பில்களை எப்போது கம்ப்யூட்டரில் ஏற்றினாய் என்பதையும் சேர்த்துக்கொள். மொத்தமே ஒன்றரை நிமிஷம் போதும். படபடப்பாக இருந்தது என்று ஒரு வரி சொன்னால் குறைச்சல் ஒன்றும் இல்லை. முதலாளி எடுத்த முடிவை மட்டும் உன் முடிவாகச் சொல்லாதே, இரண்டு கேள்வி குறுக்கே கேட்டால் வெளியே வந்துவிடும்.

ஆனால் வெள்ளம் தினமும் வராது, ஜிஎஸ்டி மாதாமாதம் வரும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிற கம்பெனி என்றால் 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனைக் கணக்கு, 20-ம் தேதிக்குள் 3பி என்கிற வரிக் கணக்கு. அதனால் சாதாரண நாள் உதாரணமும் ஒன்று வேண்டும். வாங்கின பில்லும் ஸ்டாக்கும் ஒத்துப்போகாத ஒரு நாளை யோசித்துப் பார், எங்கே இடித்தது, யாரிடம் கேட்டாய், முடியாது என்று தெரிந்ததும் முன்கூட்டியே சொன்னாயா? அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு வெள்ளத்தைவிட இதுதான் பிடிக்கும். பழைய முதலாளி படுத்திய பாட்டை, அது நிஜமாகவே இருந்தாலும், அங்கே அவிழ்க்காதே. இங்கிலீஷ் தடுமாறினால் தமிழ் கலந்து பேசு, கணக்கு வேலைக்கு அது பெரிய விஷயமில்லை.

முடிவில், “உங்களுக்கு எதாவது கேட்கணுமா?” என்பார்கள். வெட்கப்படாமல் கேள்: தாக்கல் செய்கிற நாட்களில் எத்தனை மணிக்கு வேலை முடியும், லேட்டானால் வண்டி உண்டா, எத்தனை பேர் சேர்ந்து பார்க்கிறார்கள். கங்கைகொண்டானிலிருந்து ஜங்ஷன் வந்து அம்பைக்குப் பஸ் பிடிக்கிறவள் நீ. இதற்கு அவர்கள் மழுப்பினால், சம்பளத்தைப் பார்த்து உடனே தலையாட்டாதே, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வா.