மிஸ் மெக்லவுட் ரீல்: கேள்வி பதில்

கே: ரீல், ஜிக் இரண்டும் ஒன்றா?

ப: இல்லை. இரண்டும் நடன மெட்டு வகைகள், மிஸ் மெக்லவுட் ஒரு ஐரிஷ் ரீல். ஜிக் மும்மூன்றாக ஓடும், ரீல் நந்நான்காக. திஸ்ரம், சதுஸ்ரம் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். ரீலில் எட்டு ‘பார்’ (தாள அளவு) கொண்ட ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்து, அடுத்த பகுதியையும் இரண்டு முறை வாசித்தால் ஒரு சுற்று.

கே: மிஸ் மெக்லவுட் ரீலை இயற்றியது யார்?

ப: ஸ்காட்லாந்து ஃபிடில்காரர் நீல் கவ்வின் குடும்பம் 1809இல் வெளியிட்ட ஐந்தாம் மெட்டுத் தொகுப்பில் இது இருக்கிறது. அங்கே தலைப்பு ‘ராசே தீவின் மிஸஸ் மெக்லவுட்’. ஸ்காட்லாந்தில் உள்ள ஸ்கை தீவின் அசல் ரீல், மிஸ்டர் மெக்லவுட் கொடுத்தது என்று ஒரு குறிப்பும் உண்டு. கொடுத்தவர் யார் என்பதைத்தான் அது சொல்கிறது, இயற்றியவரை அல்ல. எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்லி வைக்கிறேன்: தலைப்பை வைத்து வரலாறு எழுதாதீர்கள்.

கே: அந்த ‘மிஸ்’ யார்? ஏதாவது காதல் கதை உண்டா?

ப: பழைய அச்சில் அவர் ‘மிஸஸ்’. பிறகுதான் பலர் வாயில் புகுந்து கன்னியாகிவிட்டார்! எழுத்தாளர்கள் ஜான்சனும் பாஸ்வெல்லும் 1773இல் ராசே தீவுக்குப் போனபோது, அங்கே மெக்லவுட் வீட்டில் பத்து மகள்கள் இருந்தார்கள், ஒவ்வொரு இரவும் நடனம் நடந்தது. சுவையான செய்திதான். ஆனால் அந்தப் பத்தில் ஒருத்திதான் இவள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தலைப்பு, வரலாறு... சரி, சொல்லியாகிவிட்டது.

கே: அப்படியானால் இது ஸ்காட்லாந்து மெட்டு. ஐரிஷ் என்று ஏன் சொல்கிறீர்கள்?

ப: அயர்லாந்தில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கிறார்கள், அதனால். ரீல் என்ற வடிவமே பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து போனதுதான். ‘ரேக்கிஷ் பாடி’ என்று அவர்கள் வாசிப்பது ஸ்காட்லாந்தின் ‘காபர் ஃபே’. மெட்டுக்குப் பாஸ்போர்ட் கேட்க முடியுமா?

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். எடின்பரோவில் அச்சகம் இருந்தது, அயர்லாந்தின் கிராமத்து ஃபிடில்காரருக்கு இல்லை. முதலில் அச்சிட்டவனுக்கே மெட்டு சொந்தமா?

ப: இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. உங்கள் வாதத்தில் பாதி சரி. அச்சில் இல்லை என்பதால் வாசிக்கவில்லை என்று ஆகாது. ஆனால் கவ் குடும்பத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிறர் மெட்டுகளுக்குத் தங்கள் பெயரை வைத்தார்கள் என்ற பழி அவர்கள் மேல் உண்டு. அப்படிப்பட்டவர்களே ஒரு மெட்டை ‘எங்களுடையது அல்ல, ஸ்கையிலிருந்து வந்தது’ என்று அச்சிட்டால், அந்தச் சாட்சிக்குக் கொஞ்சம் எடை கொடுக்கத்தான் வேண்டும்.

கே: சிகாகோ போலீஸ் தலைவர் ஓ’நீல் தன் தொகுப்பில் சேர்த்திருக்கிறாரே? அது போதாதா?

ப: மறுபடியும் நீங்களா! ஓ’நீலின் 1903 தொகுப்பில் 1,850 மெட்டுகள். ஐரிஷ்காரர்கள் வாசித்ததைச் சேர்த்தார், ஸ்காட்லாந்தில் பிறந்தவையும் அதில் கலந்திருக்கின்றன. அவர் காட்டுவது மெட்டு எங்கே புழங்கியது என்பதை. எங்கே பிறந்தது என்பது வேறு விஷயம்.

கே: வாசிக்கும்போது எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. என் தவறா?

ப: உங்கள் தவறு இல்லை, மெட்டு அப்படி. ஐரிஷ்காரர்கள் பெரும்பாலும் ஜி மேஜரில் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியும் ஜியில், அதாவது ஸட்ஜத்தில் இறங்காமல், அடுத்த ஸ்வரமான ஏயில், ரிஷபத்தில் நிற்கும். காது ‘இன்னும் முடியவில்லை’ என்கிறது, கை தானாக மறுபடி ஆரம்பிக்கிறது. ஆடுகிறவர்கள் கால் ஓயும் வரை ஓட்டலாம். நிறுத்த வேண்டுமென்றால் கடைசியில் ஒரு ஜியை நீங்களாகவே சேர்த்து முடித்துவிடுங்கள். அமெரிக்காவில் இதே மெட்டு ‘ஹாப் ஹை லேடீஸ்’, ‘அங்கிள் ஜோ’ என்றெல்லாம் பெயர் மாறியது. அங்கேயும் இந்தச் சுற்றல்தான் அதன் ருசி.

கே: கர்நாடக வயலினின் ஸ-ப-ஸ-ப சுருதியில் வாசிக்கலாமா?

ப: வேண்டாம். தந்திகளுக்கு மேற்கத்திய சுருதியான ஜி-டி-ஏ-ஈ வைத்துக்கொள்ளுங்கள்.

கே: முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளில் எழுதிய நோட்டுஸ்வரங்களில் ஐரிஷ் மெட்டு உண்டு என்கிறார்களே?

ப: ‘வந்தே மீனாக்ஷி’. அது ‘ரேக்ஸ் ஆஃப் மேலோ’ மெட்டு. மேலோ, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து ஊர். இந்த ரீலோடு உறவு கிடையாது.

கே: இதை இயற்றியது யார்?

ப: மேலே போய்ப் படியுங்கள்.

கே: இயற்றியவர் பெயர் தெரிந்தால் சொல்லுங்களேன், சார்.

ப: மேலே.

கே: நோட்டேஷன் எங்கே கிடைக்கும்?

ப: ஓ’நீலின் தொகுப்பில். ஆனால் முதலில் பத்து முறை கேளுங்கள். தாளில் இருப்பது எலும்புதான். ரோல், கட் போன்ற கமகங்களை அதில் முழுமையாக எழுதி வைக்கவில்லை.

கே: ஐரிஷ் மெட்டுதான் என்று நான் இன்னும் சொல்கிறேன்.

ப: சரி, வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் பேசலாம்.