கணினியைத் தொலைநோக்கிக் குழாயின் மேலேயே ஏற்றுங்கள்

வணக்கம். முக்காலியின் காலில் கட்டிய ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியிலிருந்து உங்கள் 80 மி.மீ. தொலைநோக்கிக்குச் செல்லும் கேபிள்கள், தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் நடுவான் கோட்டைக் கடந்து, தொலைநோக்கியைச் சுமந்து சுழற்றும் தாங்கி திரும்பியதும் இழுபட்டு, விண்மீன்கள் நீள்வதாகவும் கேமரா துண்டிக்கப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். கணினி கீழே இருப்பதுதான் முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

குழாய் வளையங்களின் மேல் ஒரு விக்சன் வகைப் பட்டையை (கருவிகளைப் பொருத்தும் உலோகப் பட்டை) திருகி, கணினியையும் யூஎஸ்பி ஹப்பையும் அதில் பொருத்துங்கள். அப்போது படமெடுக்கும் கேமரா, வழிகாட்டும் கேமரா ஆகிய இரண்டின் கேபிள்களும் குட்டையாகிக் குழாயோடு சேர்ந்தே சுழலும், கீழிருந்து 12 வோல்ட் மின்கம்பியும் தாங்கியின் கட்டுப்பாட்டுக் கம்பியும் மட்டுமே மேலே வரும். அந்த இரண்டையும் நடுவரை விலக்க அச்சின் (குழாயை வடக்கு தெற்காகத் திருப்பும் அச்சு) அருகே தளர்வாக வளைத்துக் கட்டி, இருட்டுவதற்கு முன்பே குழாயைக் கையால் இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பாருங்கள்.

மின்சாரத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ராஸ்பெரி பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தேவை. நீண்ட மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் சரிந்தால் யூஎஸ்பி இணைப்புகள் அறுபடக்கூடும் என்பதால், 12 வோல்ட்டைக் குறைக்கும் மாற்றியைக் கணினிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். யூஎஸ்பி 3.0 கேபிள்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரைச்சலை உண்டாக்கும். எனவே 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு இரண்டு அச்சுகளிலும் எடையை மீண்டும் சமன்செய்ய வேண்டும்.