பாலிக் புலாவில் பாதியில் அறும் அழைப்பு: ரிப்பீட்டர் வேண்டாம்

வணக்கம் சகோதரி. பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் இருக்கும் அம்மா வீட்டில் 4ஜி காட்டினாலும் பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது, கடைக்காரர் ரிப்பீட்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி, வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அனுமதியில்லாத ரிப்பீட்டர் அக்கம்பக்கத்தார் சிக்னலையும் கெடுக்கும், சட்டப்படி குற்றமும்கூட.

முதலில் அம்மாவின் போனில் வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேசும் வசதி, இயங்குகிறதா பாருங்கள். மலேசியாவில் 2021 இறுதியோடு 3ஜியை நிறுத்திவிட்டார்கள். வோல்ட்டி இல்லாவிட்டால் அழைப்பு நேராக 2ஜிக்கு இறங்கும். அது வலுவாக இல்லையென்றால் அறுந்துவிடும். பழைய போன் என்றால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான்.

அப்புறம் இடம். ஜார்ஜ் டவுனில் கூட்டம் அதிகம், கோபுரங்களை நெருக்கமாக வைப்பார்கள். ஆள் குறைந்த பக்கம் தள்ளித் தள்ளித்தான் வைப்பார்கள். அந்த நகரத்துக்கும் அம்மா வீட்டுக்கும் நடுவில் கொடிமலைத் தொடர் வேறு, 800 மீட்டருக்கு மேல் எழுந்து நகரத்து அலைகளை மறைக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 2600 அப்படியில்லை, வாசலில் கிடைப்பது அடுப்படியில் கிடைக்காது.

வீட்டில் ஃபைபர் இணையம் இருந்தால் வைஃபை அழைப்பை, அதாவது கோபுரத்துக்குப் பதில் வீட்டு வைஃபை வழியே பேசும் வசதியை, இயக்குங்கள். போனும் சிம் நிறுவனமும் அதற்கு இடம் கொடுத்தால் போதும், வேறொன்றும் வாங்க வேண்டாம். ஃபைபர் இல்லையென்றால், சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் 4ஜி ரவுட்டர் வைத்து அதன் வழியே பேசலாம்.

அம்மா தனியாக இருக்கிறார் என்றீர்கள், தள்ளிப்போடாதீர்கள். போன் மாடலை எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.